மூணாறு தலைப்பு வரை

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்:
ஆடிப் பதினெட்டுக்குள் பத்து கிலோமீட்டர்,
ஒரு மணி பத்து நிமிடத்தில்.
அதற்கு மேலே சிப்பக் கணக்கு, சாக்குப் பாக்கி,
சுமை தூக்கும் சவுரிராஜனுக்குக் கொடுத்த இருநூறு.
கீழே ஒரு வரி, எழுதி அடித்தது:
ஓடும்போது யாரையும் நினைக்கக் கூடாது.

விடியக்காலை நாலே முக்காலுக்கு
வெண்ணாற்றுக் கரை யாருக்கும் சொந்தமில்லை,
நாய்களைத் தவிர.
சூளை வளைவில் மூன்று.
காது கிழிந்தது மட்டும் இருநூறு மீட்டர் கூட வரும்,
பிறகு தன் எல்லைக்கல்லில் நின்றுவிடும்
சர்வேயர் போல.

முதல் மாதம் பைக்குகள் நின்றன.
'பஸ்ஸ விட்டுட்டீங்களா? ஏறிக்குங்க.'
'ஆஸ்பத்திரியில யாரு?'
ஒருவர் எனக்குப் பின்னால் பார்த்தார்,
துரத்துகிறவன் எங்கே என்று.
நாற்பத்தோரு வயதுப் பெண் சும்மா ஓடுகிறாள் என்பது
இந்தக் கரையில் இன்னும் முழு வாக்கியம் ஆகவில்லை.
சுகர் என்று சொல்லிவிட்டேன்.
சுகர் என்றால் வழிவிடுகிறார்கள்.
எனக்குச் சுகர் இல்லை.

தூரம் எனக்கு மதகுக் கணக்கு.
முதல் மதகு வரை முழங்கால் பேசும்.
இரண்டாவதில் மூச்சு குறுக்கே பேசும்.
நாலாவது தாண்டினால் இரண்டும் அலுத்துப்போகும்;
அப்போதுதான் மற்றவை வரும்:
கொடியில் காயாத யூனிபார்ம்,
தெய்வானை அக்கா திருப்பித் தராத குக்கர்,
மாசியில், பத்தொன்பது காட்டிய நெல்லை
எடுக்க முடியாது என்றபோது
காளாச்சேரி பக்கிரிசாமி
ஒன்றும் சொல்லாமல் தார்ப்பாயை உதறிய விதம்.
பதினேழுதான் அனுமதி.
கருவி பொய் சொல்லாது என்றேன்.
இப்போது என் சட்டையை அதில் வைத்தால்
என்னையும் களத்தில் கொட்டி
இரண்டு வெயில் காயவிடச் சொல்லும்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட்.
நீடாமங்கலத்துக்காரர்களின் ஆயுளில்
பாதி இங்கேதான் நிற்கிறது.
எஞ்சின் கழன்று, சுற்றி வந்து,
மறுமுனையில் மாட்டிக்கொள்ளும் வரை
கடிகாரத்தை நிறுத்துவதா, வேண்டாமா?
நிறுத்தினால் கள்ளக் கணக்கு.
விட்டால், மன்னார்குடி வண்டி என் நேரத்தில் ஓடுகிறது.
நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன்.
லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து
தானும் நாலு குதி குதித்துப் பார்த்தார்,
'நல்லாத்தான் இருக்கு' என்று ஏறிக்கொண்டார்.

ஆனி பிறந்தும் ஆறு மணலாய்க் கிடந்தது.
மேட்டூர் திறந்து ஒன்பதாம் நாள்,
தலைப்புக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால்
அதைப் பார்த்தேன்.
தண்ணீர் என்று உடனே தெரியவில்லை.
பழுப்பு நுரை, வைக்கோல், ஒற்றைச் செருப்பு,
இவற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு நாக்கு.
பள்ளம் வந்தால் நின்று நிரப்பி,
திட்டு வந்தால் யோசித்து,
ஓரமாய் ஒரு வழி கண்டு.

தலைப்பைத் தொட்டுத் திரும்புவதற்குள்
அது இன்னொரு வளைவு வந்திருந்தது.
ஐந்து மாதமாக, முந்த ஓர் ஆளில்லாமல் ஓடியவள்.
முந்தினேன்.
கரைமேல் நான், கீழே அது,
திரும்பிப் பார்த்தபோது நுரை தெரியவில்லை.
வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

நாலாவது மதகில் ஒருவர் இடுப்பளவு குனிந்து
காட்டாமணக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.
நிமிர்ந்தால், பக்கிரிசாமி.
ஏன் ஓடுகிறாய் என்று கேட்கவில்லை.
'தண்ணி எங்க வருது?'
மாந்தோப்பு வளைவு தாண்டி, என்றேன்.
இன்னும் இருபது நிமிஷம்.
'கருவி சொல்லுதா?'

பதில் வரவில்லை எனக்கு.
அவரும் காத்திருக்கவில்லை.
வெட்டிய கட்டை ஒன்று வாயில் சிக்கியிருந்தது;
அவர் ஒரு பக்கம் இழுத்தார்,
நான் ஒரு பக்கம்.
சேறு முழங்கை வரை.
கடிகாரம் மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பார்த்து கேட் திறந்திருந்தது.

ஒரு மணி, பதினொன்று, நாற்பது.
நோட்டில் எழுதினேன்.
பக்கத்தில் சின்னதாக:
மதகில் மூன்று நிமிடம். கழிக்கவில்லை.